கூறுகளாய்ப் பிரித்தலின் சிறப்பு



திருச்சானூரில், தாயார் கோயிலை அடுத்து வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று பொங்கலுக்கு மதுரைக்குச் செல்ல விழைகிறது. போவதற்கும் மீள்வதற்குமான பயணச் சீட்டுகளை இன்று ஒரே இடத்தில் பெற்றுவிடலாம். முன்னாளில் மீளும் சீட்டுக்குத் தந்தி அடித்தோ, ஊர் சேர்ந்தபின் வரிசையில் நின்றோ காத்திருக்க நேர்ந்தது. இம்மாற்றத்தின் பின்னே மென்பொருட் கலையின் பாடம் ஒன்று மறைந்துள்ளது.

1985-இல் சி.எம்.சி. நிறுவனம் அமைத்த இம்ப்ரெஸ் என்னும் முன்பதிவு முறை டில்லியில் தொடங்கியது. பின்னர் மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களிலும் கணிப்பொறிகள் வந்தன. ஆயினும் அவை தனித்தனித் தீவுகளாகவே இருந்தன. ரயில்வேயின் கிரிஸ் நிறுவனம் உருவாக்கிய கான்செர்ட் என்னும் மென்பொருள் 1994-இல் செகந்திராபாத்தில் நடைமுறைக்கு வந்தது. 1999-இல் ஐந்து நகரங்களும் இணைந்தன.

அனைத்தையும் ஒரே பொறியில் குவித்து இதைச் சாதிக்கவில்லை. ஒவ்வொரு நகரமும் தன் வட்டார வண்டிகளின் கணக்கைத் தானே வைத்துக்கொண்டது. அவ்வண்டிகளுக்கான கோரிக்கை அங்கேயே முடிந்தது. பிற வண்டிகளுக்கானது மட்டுமே உரிய நகருக்குச் சென்று விடையுடன் மீண்டது. கணக்கு எங்கே உள்ளது என்பதைச் சீட்டு வழங்குபவர் அறிய வேண்டியதில்லை.

1972-இல் டேவிட் பார்னஸ் என்னும் அறிஞர் இதற்கொத்த நெறியை வகுத்தார். மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு கூறுக்குள் மறைத்து வையுங்கள். அக்கூறு என்ன செய்யும் என்பதை மட்டும் பிற கூறுகள் அறியட்டும் என்பது அதன் சாரம். அவ்வாறு அமைத்தால், கட்டண விதி மாறும்போது கட்டணக் கூறு ஒன்றைத் திருத்தினால் போதும்.

எனினும், பிரிப்பதெல்லாம் நன்மையன்று. அடுக்களையும் கிணற்றடியும் வெவ்வேறாக இருக்கலாம். கிணறு தெருக்கோடியில் இருந்தால் சோறு வேகுமுன் கால் ஓய்ந்துவிடும். பயணியின் பெயர் ஒரு நகரிலும் அவருக்குரிய இருக்கை வேறொரு நகரிலும் பதிவாகியிருந்தால், ஒவ்வொரு சீட்டுக்கும் கம்பிவழிப் பயணம் தேவைப்பட்டிருக்கும், வரிசை நீண்டிருக்கும். அடிக்கடி உறவாடுவன ஓரிடத்தில் இருத்தல் வேண்டும்.

ஆகவே நிரல் எழுதுவோர் இரண்டை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு மாற்றம் வந்தால் எத்தனை கூறுகளைத் தொட வேண்டும்? ஒரு பணி முடிய எத்தனை சுவர்களைத் தாண்ட வேண்டும்? இரண்டும் சிறுகச் சிறுக, நிரலைப் பேணுவது எளிதாகும், விரைவும் கூடும். பொங்கலன்று அக்குடும்பமும் உரிய வேளையில் ஊர் சேரும்.