மீசை முளைத்தால் போதுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பம்ப் டிசைன் பற்றிப் பேசத்தான் செயலாளர் கூப்பிட்டார். "அண்ணே, வேற ஒண்ணு பேசட்டுமா?" என்று கேட்டேன். சரி என்றார்.

என் ஹாஸ்டல் ரூம்மேட்டுக்குக் கூட இது முழுசாகத் தெரியாது. 12 வயதில் எனக்கு ரத்தப் புற்றுநோய். 2001-ல் என் தங்கையின் எலும்பு மஜ்ஜையை எனக்கு ஏற்றினார்கள். அதற்கு முன் என் மஜ்ஜையைக் காலி செய்ய புசல்ஃபான், சைக்ளோபாஸ்பமைடு என்று இரண்டு மருந்துகள். பிழைத்தேன். அப்புறம் குரல் உடைந்தது, மீசை வந்தது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

2018-ல் கல்யாணம். பெண் பார்க்கப் போனபோதே நோயைச் சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து டெஸ்ட் எடுத்தால், விந்தில் ஓர் உயிரணு கூட இல்லை. "சின்ன வயசுல என்ன மருந்து குடுத்தாங்க?" என்றார் டாக்டர். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய ஃபைல் இருந்தது. பதில் 20 வருஷமாக எங்கள் வீட்டுப் பரணிலேயே கிடந்திருக்கிறது!

விஷயம் இதுதான். விரையில் இரண்டு வேலை நடக்கிறது. ஹார்மோன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். உயிரணுவை உருவாக்கும் செல்கள் வேகமாகப் பெருகுபவை. மருந்தில் முதலில் அடிபடுவது அவைதான். ஒரே ஷெட்டில் ஒரு மிஷின் ஓட, பக்கத்து மிஷின் நின்றுபோன கதை. வெளியே நின்று சத்தம் கேட்டால் எல்லாம் ஓடுகிற மாதிரிதான் இருக்கும்.

பெண்களுக்கு வேறு மாதிரி. சினைப்பையில் முட்டையும் ஹார்மோனும் ஒன்றோடு ஒன்று கட்டுண்டவை. முட்டை போனால் ஹார்மோனும் போகும். வயதுக்கு வருவதே நின்றுவிடலாம், எலும்பும் தேயும். "லேட்டா வரும்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு உட்காராதீர்கள். ஹார்மோன் மாத்திரை இருக்கிறது. தைராய்டையும் வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்பதில்லை. மருந்து, அளவு, வயது மூன்றையும் பொறுத்தது. இதற்குப் பயந்து யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். நான் இங்கே நிற்பதே அந்த மருந்தால்தான். ஆனால் முன்னாலேயே கேளுங்கள். பருவம் வந்த பையனுக்கு விந்தை உறைய வைக்கலாம். ஒரு நாள் வேலை. அதற்கும் சின்னப் பையன்களுக்கு இன்னும் ஆராய்ச்சி அளவில்தான். சிறுமிகளுக்குச் சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைக்கிறார்கள். தலசீமியாவுக்காக மஜ்ஜை மாற்றிக்கொண்ட ஒரு பெண், 9 வயதில் எடுத்து வைத்த திசுவால் 2016-ல் லண்டனில் பிள்ளை பெற்றார்.

எங்களிடம் அன்று யாரும் இதைப் பேசவில்லை. அப்பாவுக்கும் கேட்கத் தோன்றவில்லை. பிள்ளை பிழைத்தால் போதும் என்றிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

தத்தெடுக்கப் பதிவு செய்து நானும் மனைவியும் காத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பழைய ஃபைலைத் தேடி எடுங்கள். மேடையில் கேட்கக் கூச்சமா? சாப்பாட்டுக்குப் பிறகு மெஸ்ஸுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இருப்பேன், வாங்க.