ஜோன்ஸ் திரும்பி வருவான்

ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ என்றதும் எல்லாருக்கும் சுவரில் எழுதிய ஏழு கட்டளைகள்தான் ஞாபகம் வரும். அவை ஒவ்வொன்றாகத் திருத்தப்படுகின்றன, பன்றி கட்டிலில் ஏறிப் படுக்கிறது. சரி. ஆனால் கதையின் உயிர் பாலிலும் அப்பிளிலும் இருக்கிறது. பண்ணை விடுதலையானதும் பாலும் அப்பிளும் பன்றிகளுக்கு மட்டும் போகின்றன. ஏனென்று கேட்டால், ஸ்குவீலர் என்ற பேச்சாளப் பன்றி துள்ளித் துள்ளி விளக்கம் சொல்லுகிறது: நாங்கள் தின்னாவிட்டால் மூளை வேலை செய்யாது, மூளை வேலை செய்யாவிட்டால் பழைய முதலாளி ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான். அவ்வளவுதான், மந்தை வாயை மூடிவிட்டது. கடிக்கிற நாய்கள் பிறகுதான் வருகின்றன. இந்த வசனத்தைக் கேட்காத காது யாழ்ப்பாணத்தில் உண்டா?

ஓர்வெல்லின் பன்றிகள் பண்ணையைப் பிடித்த பிறகாவது கெட்டுப்போயின. எங்கள் கதை அதைவிட மோசம். 1985 இல் வந்த ‘புதியதோர் உலகம்’ நாவலை எடுங்கள். எழுதியவனின் புனைபெயர் கோவிந்தன். புளொட் என்ற ஈழத்தமிழ் ஆயுத இயக்கத்திலிருந்து வெளியேறிய பெடியன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாட்டு முகாம்களில் சொந்தத் தோழர்களையே சந்தேகித்து, வதைத்து, கொன்ற காலத்தைப் பெயர் மாற்றி எழுதினான். அப்போது அந்த இயக்கத்தின் கையில் ஒரு பரப்புக் காணிகூட இல்லை! நாடு கிடைக்க முன்னமே வதைமுகாம் கட்டியாயிற்று. கேள்வி கேட்க முடியாத ஒரு தலைவரும், கேட்டவனுக்குத் துரோகிப் பட்டம் கட்ட நாலு பேரும் இருந்தார்கள், அது போதுமாயிருந்தது.

உடனே ஒரு தம்பி எழும்பிக் கேட்பார்: 97,000 நூல்களை எரித்தது யார், ஐயா? அதை விட்டுவிட்டு எங்கள் பிள்ளைகளின் குறையையா பேசுகிறீர்கள்? நியாயமான கேள்வி. 1981 இல் எங்கள் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவன் ஜோன்ஸ்தான், சந்தேகமே இல்லை. ஓர்வெல்லும் ஜோன்ஸை நல்லவனென்று எழுதவில்லையே! அவன் சவுக்கு உண்மை, அதனால்தான் பன்றியின் மிரட்டல் பலிக்கிறது. எதிரி கொடியவனாக இருக்கும்வரை உள்ளே கேள்வியே கூடாதென்றால், எதிரியின் கொடுமைதான் உள்ளூர் அதிகாரத்துக்குக் காவல். 1944 இல் லண்டனிலும் இதே கதைதான். ரஷ்யா எங்கள் கூட்டாளி, இப்போது வேண்டாம் என்று பதிப்பகத்தார் ‘விலங்குப் பண்ணை’யின் கையெழுத்துப்படியைத் திருப்பி அனுப்பினார்கள். இன்றைக்கும் தேர்தல் வந்தால் சிலருக்கு ஜோன்ஸ் ஞாபகம் வந்துவிடும். ஐந்து வருசமாகப் பாலும் அப்பிளும் எங்கே போயின என்று கேட்டுப் பாருங்கள், ‘ஒற்றுமையைக் குலைக்காதே’ என்பார்கள். பெயர் சொல்ல மாட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கட்டும்!

கோவிந்தன் என்ற அந்தப் பெடியனை இத்தோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. ஓர்வெல் தன் புத்தகம் உலகமெங்கும் பேசப்படுவதைப் பார்த்துவிட்டுத்தான் கண்மூடினார். கோவிந்தன் ஓர் இயக்கத்திடமிருந்து தப்பினான். 1991 இல் விடுதலைப் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அவனுக்காக நான் சிலை கேட்கவில்லை. நாளைக்கே உங்கள் ஊர் வாசிகசாலைக்குப் போய் ‘புதியதோர் உலகம்’ இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.