மார்ச் மாதத்தில் நான்கு நாட்கள்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு மார்ச் 8 அன்று, ஷிப்டு முடிந்து வந்த ஒரு சகோதரியை ஆலை வாசலில் சந்தித்தேன். கையில் ரோஜாப்பூ. என்ன விசேஷம் என்று கேட்டேன். "பெண்கள் தினமாம், தோழர். மானேஜர் ஆளுக்கொரு பூ கொடுத்தார். கூலியைக் கேட்டோம், அதற்குத்தான் பதில் இல்லை" என்றார்.

அந்த நாள் முதலாளி கொடுத்த நாள் அல்ல. 1910-ல் கோபன்ஹேகன் நகரில் கூடிய சோஷலிஸ்ட் மாதர் மாநாட்டில், கிளாரா ஜெட்கின் முதலானோர் கொண்டுவந்த தீர்மானத்தில் பிறந்தது அது. 1917 மார்ச் 8 அன்று ருஷ்யாவின் பெட்ரோகிராடு நகரத்து நெசவாலைப் பெண்கள், ரொட்டி கேட்டு வேலைநிறுத்தம் செய்து தெருவில் இறங்கினார்கள். மற்ற ஆலைகளும் நின்றன. ஒரே வாரத்தில் ஜார் முடி துறந்தான். ஐ.நா. சபை இந்த நாளைக் கொண்டாட ஆரம்பித்ததோ 1975-ல்தான்!

அடுத்தது மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். 1993 முதல் அனுஷ்டிக்கப்படுகிறது. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்று அன்று உபதேசம் செய்வார்கள். ஒரு குடம் தண்ணீருக்கு ஊர்க்கோடிக்கு நடப்பவளுக்கா சிக்கனம் சொல்லித்தர வேண்டும்? 1927 மார்ச் 20 அன்று, பம்பாய் மாகாணத்தில் மகத் என்னும் ஊரில், டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் பொதுக்குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளம் எல்லோருக்கும் பொது என்று நகரசபை அதற்கு முன்பே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. குடித்தவர்களுக்கோ அடி விழுந்தது. வழக்கு நடந்து, 1937-ல்தான் ஹைக்கோர்ட்டில் நியாயம் கிடைத்தது.

மறுநாள் மார்ச் 23. 1931-ல் பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரையும் லாகூர்ச் சிறையில் வெள்ளையன் தூக்கிலிட்ட நாள். பகத்சிங்குக்கு அப்போது வயது 23. அவர் படத்துக்கு இன்று எல்லோரும் மாலை போடுகிறார்கள். 1929-ல் டில்லி சட்டசபையில் அவரும் பி.கே. தத்தும் எதை எதிர்த்துக் குண்டு வீசினார்கள்? தொழிலாளியின் வேலைநிறுத்த உரிமைக்கு விலங்கு போட்ட தொழில் தகராறு மசோதாவும், பொதுப் பாதுகாப்பு மசோதாவும் அன்று அங்கே இருந்தன. மாலை போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. நாம் சொல்ல வேண்டும்.

மார்ச் 24 காசநோய் தினம். 1882-ல் அன்றுதான் ராபர்ட் கோக் என்னும் ஜெர்மன் டாக்டர், இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் அறிவித்தார். இன்று சாதாரணக் காசநோயை ஆறு மாத மருந்தில் குணப்படுத்தலாம். ஆனாலும் உலகக் காசநோயாளிகளில் சுமார் நாலில் ஒருவர் நம் நாட்டில் இருக்கிறார். காற்று வராத வீடும் அரைவயிறும் இருக்கும்வரை கிருமிக்குக் கொண்டாட்டம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், பஞ்சுத் தூசி என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துப் பாருங்கள். மருந்து இலவசம். பாதியில் நிறுத்தக் கூடாது.

தோழர்களே! இந்த நாட்களைப் பூவோடும் மாலையோடும் முடித்துவிடச் சிலர் விரும்புகிறார்கள். நாம் விடக்கூடாது. 8-ம் தேதி ஆலை வாசலில் கூலிக் கோரிக்கை. 22-ம் தேதி குடிதண்ணீர்க் குழாய் வராத தெருக்களின் ஜாபிதாவோடு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போவோம். 23-ம் தேதி இளைஞர் கூட்டம். 24-ம் தேதி இருமும் தோழர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவோம்.

கூலி மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர், பூவோடு வந்த அந்தச் சகோதரிதான். அடுத்த கையெழுத்துகள் உங்களுடையவை.