நீர்ச்செடிக்கும் நாற்றங்கால்



வண்ணமீன் தொட்டிகளுக்கென நகரங்களில் விலைபோகும் செடிகளுட் பல, இயல்பில் ஓடைக்கரைச் சேற்றிலும் தழைப்பவை. ஆகவே, நெல்லுக்கு நாற்று விடுவதுபோல் இவற்றையும் நீருக்கு வெளியே வளர்க்கலாம்.

தொட்டி மண்ணை ஈரமாக்கிச் செடிகளை நட்டுக் கண்ணாடியால் மூடுவோம், நீர் தேங்கலாகாது. நாள்தோறும் சிறிது நேரம் திறந்து வைப்போம். காற்றிலுள்ள கரியமிலவாயு தாராளமாகக் கிடைக்கும், பாசியும் குறையும். 6 முதல் 8 வாரங்களில் வேர் பிடித்தபின் நீர் நிரப்பினால் செடி மிதக்காது. பழைய இலை அழுகினாலும் நீருக்கேற்ற புதிய இலை துளிர்க்கும்.

ஒன்றை மறவாதிருப்போம். தென் அமெரிக்க ஆகாயத் தாமரையும் அழகுக்காக வந்ததே. அது நம் ஏரிகளை அடைத்ததை அறிவோம். கழித்த செடிகளை வாய்க்காலில் எறியாது, உலர்த்தி எருக்குழியில் இடுவோம்.