விமானம் முதலாளிக்கு, கடன் நமக்கு!

(ஆலைவாயில் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே!

கூட்டம் ஆரம்பிக்குமுன் ஒரு தோழர் கேட்டார்: "டவுன் பஸ்ஸுக்கே சில்லறை தேடுகிறோம். ஆகாய விமானத்தை எவன் வாங்கினால் நமக்கென்ன தோழரே?" நியாயமான கேள்விதான். நானும் விமானத்தில் ஏறியவனல்ல. ஆனால் ஏறாத நம் தலையிலே அதன் கடன் ஏறி உட்கார்ந்திருக்கிறதே!

1953-ல் நேரு சர்க்கார் சட்டம் போட்டு விமானக் கம்பெனிகளைத் தேசியமயமாக்கியது. டாட்டா ஆரம்பித்த ஏர் இந்தியாவும் அதில் ஒன்று. சும்மா பிடுங்கவில்லை, நஷ்டஈடு கொடுத்தே எடுத்தார்கள். 1990-ல் ஈராக் படை குவைத்தில் புகுந்தபோது அங்கே பிழைக்கப்போன நம் மக்கள் தவித்தார்கள். கொத்தனார், டிரைவர், வீட்டுவேலைப் பெண்கள் என்று லட்சத்திற்கு மேற்பட்டோரை ஜோர்டானின் அம்மானிலிருந்து 59 நாளில் 488 தடவை பறந்து ஏற்றிவந்தது ஏர் இந்தியா. லாபத்தைப் பார்க்கிற முதலாளியிடம் இதை எதிர்பார்க்க முடியுமா?

"நஷ்டம், அதனால் விற்கிறோம்" என்றார்கள். நஷ்டம் எப்படி வந்தது? 2005-06-ல் காங்கிரஸ் தலைமையிலிருந்த சர்க்கார் 111 புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஏறக்குறைய முழுப் பணமும் கடன். வளைகுடா நாட்டுக் கம்பெனிகளுக்கோ நம் ஊர்களுக்கு வந்துபோக உரிமையைத் தாராளமாக வழங்கியது. 2011-ல் தணிக்கை அதிகாரியின் அறிக்கையே இந்த இரண்டையும் குறைகூறியது. மூட்டை தூக்கிய தொழிலாளியா இந்தக் கடனை வாங்கினான்?

2018-ல் பா.ஜ.க. சர்க்கார் ஏலம் போட்டது. 33 ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட கடனோடு வாங்க ஒரு முதலாளியும் வரவில்லை. சரி, கடனைக் கழற்றிவிட்டுத் தருகிறோம் என்றார்கள். 2021-ல் டாட்டா வந்தார். நான் மெட்ரிக் வரை படித்தவன், கூட்டல் கழித்தல் தெரியும். கணக்கைக் கேளுங்கள்.

மொத்தக் கடன் 61,562 கோடி. டாட்டா ஏற்றது 15,300 கோடி. மீதி 46,262 கோடி சர்க்காரின் தனிக் கம்பெனிமேல் இறங்கியது. ரொக்கமாக டாட்டா கொடுத்தது 2,700 கோடி. விற்காமல் வைத்துக்கொண்ட நிலம், கட்டடம் முதலியவற்றின் மதிப்பு 14,718 கோடி. நியாயமாக அதையும் கழிப்போம். அப்படியும் 28,844 கோடி நிற்கிறது! நேற்றுப் பிறந்த குழந்தை உட்பட தலைக்கு இருநூறு ரூபாய்க்கு மேல். கறவை மாட்டை சந்தையில் விற்றவன், மாடு வாங்கிய கடனைத் தன் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்த கதை இது.

"தனியாரிடம் போனால் சீராகும்" என்றும் சொல்கிறார்கள். 2025 டிசம்பரில் என்ன நடந்தது? உள்நாட்டுப் பிரயாணிகளில் பாதிக்கு மேல் ஏற்றுவது இண்டிகோ என்ற ஒரே தனியார் கம்பெனி. விமானிகளுக்கு ஓய்வு நேரத்தைக் கூட்டி, இரவு வேலையைக் குறைத்து புது விதி வந்தது. இரவு ஷிப்டு பார்க்கிற உங்களுக்கு அதன் அருமை தெரியும். கம்பெனி அதற்குத் தகுந்த ஏற்பாடு செய்யவில்லை; ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. ஜனங்கள் விமான நிலையத்திலே கிடந்தார்கள். சர்க்கார் என்ன செய்தது? அந்தக் கம்பெனிக்காக விதியையே சில வாரம் தளர்த்தியது! பதிலுக்கு அனுப்ப சர்க்காரிடம் ஏர் இந்தியாவா இருந்தது?

விற்றபோது ஏர் இந்தியாவிலும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிலும் வேலை செய்தவர்கள் சுமார் 13,500 பேர். ஒரு வருஷம் ஆட்குறைப்பு இல்லை என்பதே அவர்களுக்குக் கிடைத்த வாக்குறுதி. கம்பெனிக் குடியிருப்பை ஆறு மாதத்தில் காலி செய் என்றார்கள். 2021-லேயே மும்பைச் சங்கங்கள் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தன. அன்று நம் சங்கத்திலிருந்து ஓர் ஆதரவுத் தீர்மானம்கூடப் போகவில்லை. 'அது விமானக்காரர் விவகாரம்' என்று இருந்துவிட்டோம். தவறு நம்முடையது, என்னுடையதுந்தான்.

ஆகவே இன்று ஒரு தீர்மானம். பொதுத்துறை விற்பனையை எதிர்த்து எந்தத் தொழிலாளி நின்றாலும் நம் சங்கம் ஆதரவு தரும். போராட்ட நிதிக்கு ஆளுக்கு ஒரு நாள் டீச்செலவு. ஏற்பவர்கள் கை உயர்த்துங்கள் தோழர்களே!