உற்சவத்தில் போகும் உயிருக்கு யார் பொறுப்பு?

(அஸ்தினாபுரத்தில் பேசியதன் சுருக்கம்)



கோயில் உற்சவத்தைப்பற்றி நாம் பேச வந்தால், "சாமியை நம்பாத இவர்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று சிலர் கேட்பது வழக்கம். உற்சவத்தில் சாமிக்கு ஒரு கஷ்டமும் நேருவதில்லை, நேருவதெல்லாம் மனிதனுக்குத்தான். ஆகையால் மனிதனைப்பற்றிக் கவலையுள்ள எவருக்கும் அங்கே வேலை உண்டு.

உங்கள் ஊருக்குப் பாரதக் கதையிலுள்ள பட்டணத்தின் பெயர். பக்கத்துக் குரோம்பேட்டைக்கோ குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்த பெயர். தோல் பதனிட்ட கை ஊருக்குச் சோறு போட்டது. ஆனால் தோல் வேலை செய்கிறவனைத் தீண்டாதவன் என்று சொல்லி, கோயில் வாசலிலேயே நிறுத்திவைத்த நாடு இது.

அந்த வாசலைத் திறந்தது யார்? 1939 ஜூலை 8-ந் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தபோது, தெய்வம் போய்விட்டது என்று சொல்லிப் பூசை செய்ய மறுத்த பட்டர்களும் இருந்தார்கள். பிறகு 1947-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. 1970-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தால் அர்ச்சகர் வேலை பரம்பரைப் பாத்தியதை என்பது ஒழிந்தது. 2021 ஆகஸ்டு 14-ந் தேதி, பல ஜாதிகளைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற 24 பேர் அர்ச்சகராக நியமனம் பெற்றார்கள். இவை ஒவ்வொன்றும் மனிதன் செய்த மாறுதல். சாமி தடுக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

நிற்க. 2022 ஏப்ரல் 27-ந் தேதி விடியற்காலையில், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அடுத்த வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி, இங்கிருந்து சில மைல் தூரத்திலுள்ள மூவரசம்பட்டுக் குளத்தில், நங்கநல்லூர் தர்மலிங்கேசுவரர் கோயில் தீர்த்தவாரியின்போது 5 இளைஞர்கள் மூழ்கிப் போனார்கள். சாமியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் தோழர்களே, சாமியைத் திட்டினவர்கள் அல்ல!

இதைக் கேட்டவுடன் "விதி" என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: தேரின் உயரத்தையும் கம்பியின் உயரத்தையும் முன்கூட்டி அளந்து, தேர் நகரும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தினால் விதி என்ன செய்யும்? குளத்தின் ஆழத்தைப் பார்த்து, குறுக்கே கயிறு கட்டி, நீந்தத் தெரிந்த நாலு பேரைக் கரையில் நிறுத்தினால் விதி எங்கே போகும்? நல்ல நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறவர்கள், குளத்தின் ஆழம் பார்க்க ஒரு மூங்கில் கழியை எடுக்கக்கூடாதா? பந்தலுக்கும், மேளத்துக்கும், வாணவேடிக்கைக்கும் வசூலிக்கிற பணத்தில் ஒரு பங்கு இதற்கு ஆகாதா?

சாமியே காப்பாற்றும் என்பவர்கள் உண்டியலுக்குப் பூட்டுப் போடாமல் இருக்கிறார்களா? நகைக்குக் காவல் வேண்டுமென்றால் நகையைச் சுமக்கிறவனுக்குக் காவல் வேண்டாமா?

உங்களை இன்றே கோயிலை விட்டுவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அது உங்கள் அறிவின் விஷயம். யோசித்து முடிவு செய்யுங்கள். ஆனால் அடுத்த உற்சவத்துக்கு வசூல் நோட்டோடு உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "கம்பிக்கு என்ன ஏற்பாடு? குளத்துக்கு என்ன ஏற்பாடு?" என்று கேளுங்கள். பதில் சொன்னால் பணம் கொடுங்கள். பதில் இல்லையானால் உங்கள் பிள்ளையைத் தேர் வடத்தண்டையும் குளத்தண்டையும் அனுப்பாதீர்கள். வாசலைத் திறக்கத் தெரிந்த மனிதனுக்கு உயிரைக் காக்கவும் தெரியும். அதைச் செய்யும்படி கேட்பதுதான் நம் வேலை.