தேகாப்பியாசமும் அதன் அளவும்
(நிலாவெளியில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



தேகாப்பியாசம் என்றதும் எம்மிடையே இரு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. பாரம் தூக்காதவன் பலசாலி ஆகான் என்பது இளைஞர் கட்சி. காலையில் கடற்கரையோரம் சற்று நடந்தாலே போதும் என்பது பெரியோர் கட்சி. எதற்காகச் செய்கிறோம் என்று தீர்மானித்த பின்னரன்றோ, எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமையாக என்று பேசவேண்டும்? இதனை இரு கட்சியாரும் மறந்துவிடுகின்றனர்.

எம்மவர் இருவரை நோக்குவோம். 1958ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்குத் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்தார். ஓடிவந்து பாய்வது சில விநாடி வேலை. 1971ஆம் ஆண்டு வல்வெட்டித்துறை ஆனந்தன் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பினார். அதற்குச் சென்ற நேரம் 51 மணித்தியாலம். முன்னவருக்கு வேண்டியது கணப்பொழுதில் வெளிப்படும் கால் வலிமை. பின்னவருக்கு வேண்டியது சலியாத மூச்சு. இலக்கு வேறு, ஆகவே பயிற்சியும் வேறு.

நமக்குப் பதக்கம் வேண்டாம், சுகம் போதும் என்பவருக்கு அளவு என்ன? உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறிய அளவு இது: வளர்ந்தோர் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமாகவோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையாகவோ உழைக்கவேண்டும். இவற்றோடு தசை வலிமைக்கான பயிற்சி இரு நாளாவது வேண்டும். 65 வயதைக் கடந்தோர், விழாமல் நிற்கும் சமநிலைப் பயிற்சியை மூன்று நாள் சேர்க்கவேண்டும். ஆக, பெரியோருக்கும் வலிமைப் பயிற்சி உண்டு. இளைஞருக்கும் நடை உண்டு.

மிதம் எது, கடுமை எது என்று அறியக் கருவி வேண்டியதில்லை. நடக்கையில் பேச முடிந்து, பாட முடியாதிருந்தால் அது மிதம். சில சொற்களுக்கு மேல் பேச மூச்சு இடந்தராவிடில் அது கடுமை. நிலாவெளியின் ஈரமணலில் மிதமாக இருக்கும் நடை, உலர்ந்த மணலில் கடுமையாகிவிடும். வாடைக்காற்றில் கடல் பொங்கும் மாதங்களில் நீச்சலை விட்டு நடையைக் கொள்வதே விவேகம்.

வலிமை நாடும் இளைஞனே! ஒரே தசையை நாள்தோறும் வருத்தாதே. ஒருநாள் ஓய்வு கொடு. அந்த ஓய்வில்தான் தசை வளர்கிறது. முதல் வாரமே நண்பன் தூக்கும் பாரத்தைத் தூக்கப் புகுந்தவன், நாரி பிடித்து மறுவாரம் வீட்டில் இருப்பான். உடல் மெலிய விரும்புவோர் பயிற்சியோடு சோற்றுக் கோப்பையையும் கவனிக்கவேண்டும். நீரிழிவுக்காரருக்கு உணவின் பின் சிறுநடை மிக நன்று. ஆயின் இன்சுலின் ஏற்றுவோரும் இருதய நோயுள்ளோரும் வைத்தியரைக் கேட்டே அளவைக் கூட்டவேண்டும்.

உடம்பைப் பேணுதல் உயிரைப் பேணுதலே என்று கண்டவர் திருமூலர். ஆதலின் அன்பர்களே, இன்றே ஒவ்வொருவரும் தமது நோக்கத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். மூன்று மாதம் தவறாது செய்து பார்த்து, அளவை மெல்ல உயர்த்துங்கள். பத்து நாள் ஆவேசத்திலும் பத்து வருடப் பழக்கமே பெரிது.